குளிரா? இங்கேயா?

போன மாதம் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் ரொம்பத் திருப்தியாக வாழ்கிறார்களாம். வெயில், மீன், அவசரமில்லாத வாழ்க்கை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டிருந்தார்கள். படித்து முடித்ததும் அந்தத் தாளிலேயே மத்தி மீன் தலைகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். யாரைக் கேட்டார்கள்? எந்த மாதத்தில் கேட்டார்கள்? வெயிலில் உட்கார வைத்துக் கேட்டார்களா, வீட்டுக்குள் உட்கார வைத்துக் கேட்டார்களா? முதலில் அதைச் சொல்லட்டும். டோரீனைக் கேட்டிருந்தால் அவரும் பத்துக்குப் பத்து என்றுதான் சொல்லியிருப்பார். எனக்குக் கோபம் வருவதே அதனால்தான்.

என் பெயர் கிராசா. எங்கள் நாட்டின் தென்கடற்கரையில் ஃபுசேத்தா என்கிற மீனவர் ஊரில், படகுத் துறைக்குப் போகிற தெருமுனையில் காபிக்கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்சந்தில் மூன்றாவது வீடு டோரீனுடையது.

எங்கள் பக்கத்து வீடுகளைக் கோடைக்கென்றே கட்டியிருக்கிறார்கள். தடித்த சுவர், ஓடு பதித்த தரை, கையகல ஜன்னல். ஆகஸ்டில் உள்ளே நுழைந்தால் போன உயிர் திரும்பி வரும். ஜனவரியில் நுழைந்தால் இருக்கிற உயிரும் போய்விடும். தெருவில் கோட்டைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் போனதும் மாட்டிக்கொள்கிற ஜனங்கள் நாங்கள். பிறந்ததிலிருந்து பழகிவிட்டதால் திட்டிக்கொண்டே இருந்துவிடுகிறோம். இங்கிலாந்துக்காரர்கள் கோடையில் வந்து பார்த்து, கோடையில் வீடு வாங்குகிறார்கள். குளிர்காலம் எப்படி இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. விற்கிறவன் எதற்குச் சொல்லப் போகிறான்?

என் கடையின் தெற்குச் சுவரில் மட்டும் குளிர்காலத்திலும் முற்பகல் வெயில் விழும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வரும்போது அந்தச் சுவரோரம் ஆங்கிலேயர்கள் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஸ்வெட்டரைக் கழற்றி மேஜைக்கடியில் மறைப்பார்கள். கைபேசியைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைப்பார்கள். அரைக்கைச் சட்டையோடு ஊரிலிருக்கும் பிள்ளைகளுக்கு முகம் காட்டுவார்கள். பின்னால் நீல வானம், சுண்ணாம்புச் சுவர், தொட்டியில் ஒரு எலுமிச்சை. அங்கே பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு பொறாமைப்பட வேண்டும், அதுதான் கணக்கு. மீனவன் ஷிக்கு அதற்கு இரண்டாம் பூசை என்று பெயர் வைத்தான்.

அந்தப் பூசைக்குப் பாதிரியார் டெஸ்மண்ட். எழுபது வயது, நண்டு மாதிரி சிவந்த மண்டை. தினமும் காலையில் கடைக்குள் நுழைந்ததும் ஒரே வசனம்தான்.

"சொர்க்கத்துல இன்னொரு நாள், கிராசா!"

"சொர்க்கத்துக்குப் போறவங்க செத்துட்டுத்தான் போறாங்க, டெஸ்மண்ட். காபி சின்னதா, பெருசா?"

டோரீன் சிரிப்பார். அவருக்கு என் வாய் பிடிக்கும். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் உருளைக்கிழங்கு மசித்தவர். மனசு ஒன்றில் இருந்தால் கை தானாக மேஜையைத் துடைக்கும். என் கடையில் அவர் துடைக்காத மேஜை கிடையாது. நான் அவரைத் தோனா டோரீன் என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். அவர் என்னைக் கண்ணு என்பார். எனக்கு அறுபது வயது, அப்படிக் கூப்பிட வேறு யாரும் மிச்சமில்லை.

இங்கே வந்து வாழ ஆசைப்பட்டது அவருடைய கணவர் கென். மழையிலும் பனியிலும் கூரைமேல் ஏறி ஓடு மாற்றுகிற வேலை பார்த்தவர். ஒரு வாரம் விடுமுறைக்கு வந்தவர் என் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார், எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். அடுத்த வருஷமே வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். கென் இருந்த வரைக்கும் டோரீன் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார், அதை நான் மறுக்கவில்லை. ஷிக்குவோடு கென் மீன் பிடிக்கப் போவார். ஒரு மீனும் இல்லாமல் திரும்பி வந்து இரண்டு பேரும் குடித்துவிட்டுப் பாடுவார்கள். வீட்டில் குளிர்ந்தால் கட்டிக்கொண்டு தூங்கினோம் என்று டோரீன் என்னிடம் வெட்கமே இல்லாமல் சொல்வார்.

ஆனால் கிளம்பி வந்த விதம் சரியில்லை. அவர்களுக்கு ஒரே மகள், ஜில்லியன். அப்போது அவளுக்குக் கைக்குழந்தை. சமையலறையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இப்பப் போகாதீங்கம்மா, என்னால முடியல" என்று அழுதிருக்கிறாள். கென் வாயே திறக்கவில்லையாம். டோரீன்தான் பதில் சொன்னார்: "உன்னை வளர்த்து ஆளாக்கியாச்சு. இனிமே எங்க முறை." அவர்கள் மறுபடி சண்டை போடவில்லை. மகள் கோடையில் வந்து போனாள், சிரித்துப் பேசினாள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை டோரீனால் கடைசிவரை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஒரு நவம்பரில் கென் தூக்கத்திலேயே போய்விட்டார். எங்கள் வழக்கப்படி மறுநாளே அடக்கம். அதன் பிறகு வந்தது டோரீனின் முதல் தனிக் குளிர்காலம். ஒருநாள் அவர் கடைக்கு வராததால் சூப் எடுத்துக்கொண்டு போனேன். பகல் பன்னிரண்டு மணிக்குக் கட்டிலில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். தலையில் கென்னுடைய கம்பளிக் குல்லா, வயிற்றில் ஒரு வெந்நீர்ப் பை, காலடியில் இன்னொன்று. தலைமாட்டுச் சுவரில் கருப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

"கணப்பு அடுப்பை ஏத்த வேண்டியதுதானே? சிலிண்டர் எதுக்கு, அழகுக்கா?"

"சாயங்காலம் கொஞ்ச நேரம் ஏத்துவேன் கண்ணு. பகல்லயே ஏத்துனா கட்டுப்படி ஆகுமா?"

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அதே டோரீன் பூப்போட்ட அரைக்கைச் சட்டையும் உதட்டுச் சாயமுமாக என் சுவரோரம் வந்து உட்கார்ந்தார். அவருடைய ஸ்வெட்டரை நான் கையில் வாங்கிக்கொண்டேன். கைபேசியில் மகளின் முகம் வந்தது. வழக்கமான நலம் விசாரிப்பு எல்லாம் முடிந்து கடைசியில் அவள் கேட்டாள்.

"உனக்குக் குளிரலையாம்மா?"

"குளிரா? இங்கேயா?" என்று டோரீன் சிரித்தார். கைபேசியைத் தூக்கி வானத்தைக் காட்டினார்.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் அதையே கேட்பாள், இவர் அதையே சொல்வார். பேசி முடித்ததும் நான் ஸ்வெட்டரைப் போர்த்துவேன். தோள்பட்டை மீன்கடைப் பலகை மாதிரி சில்லென்று இருக்கும்.

"எதுக்கு இந்த நாடகம்?" என்று ஒருமுறை வெடித்தேன். "பெத்த பொண்ணுகிட்ட என்ன கௌரவம்?"

"அவ அழுதப்ப நான் வந்துட்டேன். இப்ப நான் எந்த வாயால அழுவேன்?"

அது எனக்குத் தெரிந்த கதைதான். என் அப்பாவும் பிழைக்கப் போனவர்தான், பாரிஸ் பக்கம் கட்டட வேலைக்கு. வருஷா வருஷம் ஆகஸ்டில் புதுச் சட்டையும் சாக்லேட்டுமாக வந்து இறங்குவார். அங்கே சேற்றுக்கு நடுவில் தகரக் கொட்டகையில் படுத்திருந்தார் என்பது, அவர் இறந்த பிறகு உடன் வேலை பார்த்தவர் சொல்லித்தான் என் அம்மாவுக்கே தெரியும். வெளியூர் போனவர்களுக்கு ஊரில் சொல்வதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அப்பாவாவது வயிற்றுக்காகப் போனார். சுகமாக இருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர்களுக்குக் கஷ்டம் என்று சொல்ல இன்னும் வாய் வராது.

போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர்காலத்தில் டோரீனுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. ஜில்லியன் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஓர் அறை கட்டுவதாகச் சொன்னாள். பக்கத்திலேயே குளியலறை, படியேறத் தேவையில்லை, சுவருக்குள் வெப்பக் குழாய். இரண்டு வாரம் கழித்து, "சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம்மா?" என்று கேட்டாளாம்.

டோரீன் அன்று என் கடையில் ஒரே மேஜையை மூன்று தடவை துடைத்தார்.

"படியேறாத அறைன்னா யாருக்கு கண்ணு? அவளுக்கு நாப்பத்தஞ்சுதான் ஆகுது. அவ புருஷன் நீல் மாரத்தான் ஓடுறான்."

"நீங்க என்ன நிறம் சொன்னீங்க?"

"இளமஞ்சள். வெண்ணெய் மாதிரி." சொல்லும்போது கன்னம் சிவந்துவிட்டது. எழுபத்தாறு வயதில் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்பது போல.

"வாயைத் திறந்து கேட்டுடுங்க, தோனா டோரீன். நான் வரேன்னு ஒரு வார்த்தை."

"நான் கேக்க மாட்டேன். அவளா கூப்பிடட்டும்."

கூப்பிடுவாள் என்று பார்த்தார். அறைக்குக் கதவு போட்டார்கள், தரை போட்டார்கள், கூப்பிடவில்லை. ஆனாலும் கிளம்புகிறவர் மாதிரி கென்னின் தூண்டிலை ஷிக்குவிடம் கொடுத்துவிட்டார். பூப்போட்ட சட்டையைத் தவிர மற்ற கோடைத் துணிகளை மாதா கோயில் ஏழைகளுக்குக் கொடுத்தார். கடைசியில் அவருக்கே ஒரு யோசனை வந்தது. ஒரு ஞாயிறு சுவரோரம் வராமல் வீட்டுக்குள்ளிருந்தே பேசுவது. கோட்டு, குல்லா, வெந்நீர்ப் பை, பூஞ்சைச் சுவர் எல்லாம் தெரியட்டும். வாயால் எதையும் சொல்ல வேண்டியதில்லை, மகள் தானே பார்த்துக்கொள்வாள். கை நடுங்கும், நீதான் கைபேசியைப் பிடிக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

அன்றைக்குப் பார்த்து மழை. ஓட்டிலிருந்து சமையலறைத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல சகுனம் என்றுகூட நினைத்தேன். டோரீன் உதட்டுச் சாயம் போடாமல் கட்டிலில் சாய்ந்திருந்தார். சுவரின் கருப்பு நன்றாகத் தெரிகிற மாதிரி கைபேசியைப் பிடித்தேன்.

ஜில்லியன் முகம் வந்ததும் வேகமாகப் பேச ஆரம்பித்தாள். "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். நீலோட அம்மா நேத்து வந்துட்டாங்க. அந்தக் கீழ் அறைக்குத்தான். மோரீனுக்கு இனிமே தனியா முடியல. தினம் போன் பண்ணி ஒரே அழுகை. எனக்கு முடியல, என்னைக் கூட்டிட்டுப் போன்னு சின்னப்பிள்ளை மாதிரி. நீ அப்படியில்ல. உனக்கு உன் வெயில் இருக்கு." அப்புறம்தான் அவள் கண் சுருங்கியது. "ஏம்மா உள்ள இருக்க? ஏன் கோட்டு? குளிருதா?"

நான் டோரீனைப் பார்த்தேன். ஆமா என்று சொல்லுங்கள், ஒரே ஒரு ஆமா, என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"குளிரா? இங்கேயா?" டோரீன் கோட்டைக் கழற்றிக்கொண்டே எழுந்தார். "இப்பத்தான் நடந்துட்டு வந்தேன், கழற்றவே மறந்துட்டேன் பாரு. மழையா? அருமையான மழைடி. தோட்டத்துக்கு இதுதான் வேணும்னு காத்துக்கிட்டிருந்தோம். மோரீனைக் கேட்டேன்னு சொல்லு. அறை பிடிச்சிருக்காமா?"

"ரொம்பப் பிடிச்சிருக்காம். மஞ்சள் நிறம் நல்லாயிருக்குன்னாங்க."

பேசி முடிந்ததும் நான் கத்தினேன். என்ன பெண் அவள், என்ன அம்மா நீங்கள், இரண்டு பேருக்கும் நாக்கில் என்ன கோளாறு என்று கத்தினேன். டோரீன் மேஜையில்லாத இடத்தில், கட்டில் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு பூப்போட்ட சட்டையோடு சுவரோரம் வந்துவிட்டார். சில வாரம் மோரீனும் மகளுக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பாள். மெல்லிய சட்டையில் மஞ்சள் அறையில் உட்கார்ந்துகொண்டு, "கொடுத்து வச்சவங்க நீங்க, டோரீன்" என்பாள். "ஆமா, கொடுத்துத்தான் வச்சிருக்கேன்" என்பார் இவர். நான் பக்கத்தில் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இந்த ஜனவரியில் இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆம்புலன்சில் ஏற்றும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூச்சுக்கு இடையில் பேசினார்.

"வீட்டைக் கொஞ்சம் சரி பண்ணிடு கண்ணு. அவ வந்தா அங்கதான் தங்குவா. எதையும் பார்த்துடக் கூடாது."

"முதல்ல நீங்க நல்லபடியா வாங்க."

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன். மறுநாள் விடிகாலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். நான் அவருக்காக அழுவதற்கு முன்னால் அவர் வீட்டுச் சுவரைத் தேய்த்தேன். வாளி வாளியாகப் பிளீச்சிங் கரைசல், கை தோல் உரிகிற வரைக்கும் தேய்த்தேன். கம்பளிக் குல்லா, கையுறை, கட்டிலில் அடுக்கிய அத்தனை போர்வை, இரண்டு வெந்நீர்ப் பை எல்லாவற்றையும் மூட்டை கட்டி என் கடையில் கல்லாவுக்கு அடியில் திணித்தேன். அப்புறம் அடுப்பை ஏற்றினேன். இருக்கிற காஸ் எல்லாம் எரியட்டும் என்று பகல் முழுக்க எரிய விட்டேன். அவர் வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் அந்த வீடு அத்தனை கதகதப்பாக இருந்ததில்லை. அதை நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது, தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இறப்பு அறிவிப்பை எங்கள் வழக்கப்படி கடைக் கதவில் ஒட்டினார்கள். அதில் போட்ட படம் சுவரோரம் எடுத்தது. அரைக்கைச் சட்டை, எலுமிச்சைத் தொட்டி, சிரிப்பு. போகிற வருகிறவர்கள் எல்லாம் எவ்வளவு சந்தோஷமான முகம் என்றார்கள்.

ஜில்லியன் மறுநாள் முதல் விமானத்தில் தனியாக வந்தாள். கென்னுக்குப் பக்கத்தில் அடக்கம் முடிந்ததும் என் சுவரோரம் கொண்டுவந்து உட்கார வைத்தேன். வெயில் அடித்தது. டெஸ்மண்ட் அன்று சொர்க்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தூரத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுதான் அந்தச் சுவரா?" என்றாள். கையால் தடவிப் பார்த்தாள். "அந்த அறையை அம்மாவுக்காகத்தான் கட்டினேன். நிறம்கூட அவங்க சொன்னதுதான்."

நான் கேட்டேன்: "கூப்பிட்டிருக்கலாமே?"

"ஒரு தடவை கெஞ்சிட்டேன், இனிமே எங்க முறைன்னு சொன்னாங்க. ரெண்டாவது தடவை கெஞ்ச எனக்கு வாய் வரல. அதனால வாராவாரம் குளிரலையான்னு கேட்டேன். ஒரே ஒரு தடவை ஆமான்னு சொன்னா, அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடணும்னு இருந்தேன். சொல்லவேயில்ல. அந்த மழை நாள்லகூட..." அவள் என் பக்கம் திரும்பினாள். "சந்தோஷமா இருந்தாங்கதானே? நீங்கதான் கூடவே இருந்தீங்க."

மனசில் இருப்பதைப் பட்டென்று போட்டு உடைக்கிறவள் என்றுதான் ஊரில் எனக்குப் பெயர். உன் அம்மா அந்த அறையில் மனசால் குடித்தனமே நடத்தினாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே செத்திருப்பாள்.

"ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க" என்றேன்.

இரவு என் வீட்டில் படுத்துக்கொள் என்று எவ்வளவோ சொன்னேன். அம்மாவின் கட்டிலில்தான் படுப்பேன் என்றாள். பகலெல்லாம் எரிந்த சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

காலையில் நான் கடைக் கதவைத் தூக்கும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தன் கோட்டுக்கு மேல் அம்மாவின் கோட்டையும் போட்டிருந்தாள். உதடு நீலமாக இருந்தது. உள்ளே வந்து, கொடுத்த காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"படுத்த கொஞ்ச நேரத்துல காஸ் தீர்ந்துடுச்சு" என்றாள்.

நான் கல்லாவைத் துடைத்தேன்.

"எங்கம்மா ராச்டேல்லயே வெந்நீர்ப் பை இல்லாம தூங்க மாட்டாங்க. ஜூன் மாசத்துலகூட. வீடு முழுக்கத் தேடினேன், ஒண்ணுகூட இல்ல. எங்க வச்சிருக்கீங்க?"

பொய் சொல்ல இனி என்னிடம் ஒன்றும் இல்லை. குனிந்து மூட்டையை அவிழ்த்து இரண்டையும் எடுத்துக் கல்லாமேல் வைத்தேன். அவற்றுக்கு டோரீன் பின்னிய சிவப்புக் கம்பளி உறை. ஒன்றில் கை படுகிற இடம் நைந்து ரப்பர் தெரிந்தது. ஜில்லியன் அந்த நைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு காலிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து அழுதாள். நான் கதவைச் சாத்தினேன். வாசலில் வந்த டெஸ்மண்டைக் கையாலேயே துரத்தினேன்.

அவளுடைய கைபேசி அடித்தது. அழைப்பவரின் படமாகத் திரையில் மஞ்சள் சுவர் தெரிந்தது, அதற்கு முன்னால் மோரீன். எடுக்காமல் விடுவாள் என்று நினைத்தேன். அவள் சட்டையால் முகத்தைத் துடைத்தாள். இரண்டு கோட்டையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்ச் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கம்மா? பாவம், தனியா கிடந்து கஷ்டப்படுறியே" என்றது மோரீனின் குரல். "உதடெல்லாம் நடுங்குதே. அங்க குளிரா?"

"குளிரா? இங்கேயா?" என்றாள் ஜில்லியன். கைபேசியைத் தூக்கி வானத்தைக் காட்டினாள்.

அவள் பேசி முடிக்கிற வரைக்கும் இரண்டு கோட்டையும் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.